கிடைக்காத ஊசி முனை

புதன், இரவு.

தொப்புள் இன்னும் எரிகிறது. உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து வளையத்தைச் சுற்றித் துடைத்தேன். வளையம் குத்திவிட்ட பெண், அதில் துணி உரசக் கூடாது என்றாள். நாளெல்லாம் பனியன் கம்பெனியில் குனிந்து தைப்பவளுக்கு அது நடக்கிற காரியமா?

மத்தியானம் என் மெஷினில் ஊசி உடைந்து, முனை காணாமல் போனது. அது கிடைக்காமல் தையல் லைனை ஓட்ட விடமாட்டார்கள். சூப்பர்வைசர் சாந்தியக்கா, இரும்பு இருந்தால் கத்தும் டிடெக்டரை எடுத்து வந்து மேசை, தரை, என் மடி என்று தடவினார். என் வயிற்றருகே 'பீப்' என்றது.

அக்காவைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய் வளையத்தைக் காட்டினேன்.

"அய்யோ கண்ணு, ஊட்டுல தெரியுமா?"

"தெரியாதுங்க்கா. மாமாகிட்ட சொல்லிராதீங்க."

மேனேஜர் என் தாய்மாமா. நாங்கள் திரும்பி வந்தபோது மெஷினருகே நின்றிருந்தார்.

"என்னங்க சாந்தி, கெடச்சுதா?"

"கெடச்சுருச்சுங்க. இவ துப்பட்டாவுல இருந்துச்சுங்க." அக்காவின் உள்ளங்கையில் ஒரு முனை இருந்தது. வருகிற வழியில் வேறோர் ஊசியை உடைத்து எடுத்தது.

லைன் ஓடியது.

"நெசமான முனை பேக்கிங்ல இருக்குற டிடெக்டர் மெஷின்ல மாட்டிக்கும், நீ பேசாம இரு" என்றார் அக்கா. மாட்டாமல் போனால்?

காலையில் மாமாவிடம் சொல்லிவிடலாம். சொன்னால், அக்கா ஏன் பொய் சொன்னார் என்று கேட்பார்; வளையமும் வெளியே வந்துவிடும்.

இன்று தைத்ததெல்லாம் கைக்குழந்தைச் சட்டைகள். எனக்குக் குத்தியபோது நான் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன். அந்த முனை குத்தப்போகிற குழந்தைக்குப் பல்லே முளைத்திருக்காது.