மாதா கன்னத்தில் விழுந்த சுண்ணாம்பு

12 பிப்ரவரி 1964, புதன்

நான் கொத்து வேலை பார்க்கும் பழைய சர்ச்சில் சுவரைக் கொத்திவிட்டுப் புதுச் சுண்ணாம்பு பூசுகிறோம். மாதா சிலையை நகர்த்த முடியாது, சாக்குப் போட்டு முழுக்க மூடிவிடு என்று பாதர் சொல்லியிருந்தார். நான் கழுத்து வரைக்கும்தான் மூடினேன்.

இன்று மத்தியானம் ஒரு கரண்டிச் சுண்ணாம்பு நழுவி மாதாவின் கன்னத்தில் விழுந்துவிட்டது. துடைத்தபோது கொஞ்சம் வர்ணமும் சேர்ந்து வந்தது. வேலை போச்சு என்றே நினைத்தேன்.

முகத்தை ஏன் மூடவில்லை என்று பாதர் கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன், எங்கள் ஊர்ப் பக்கம் பிணத்துக்குத்தான் முகத்தை மூடுவோம் என்று. அவர் தன் குடையை விரித்து, மாதா தலைக்கு மேலே சாரத்தில் கட்டச் சொன்னார். வெயிலில் வெறுந்தலையோடு நடந்து போனார்.

தாராவிக்கு வந்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். சுண்ணாம்பில் வெந்த என் கைக்கு எப்போதும் போலத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள், "அம்மைக்குக் கன்னம் எரிஞ்சிருக்கும்லா?"

ஒரு சின்னக் குப்பியில் எண்ணெய் ஊற்றி, நாளைக்கு எடுத்துப் போக என் சோற்றுப் பையில் வைத்திருக்கிறாள். அது வெறும் சிலைதான் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.