கிறிஸ்மஸ் மூட்டையில் போன சிவப்புக் கோட்டு

ஆண்டவருக்குள் பிரியமான என் வீட்டுக்காரருக்கு, உங்கள் வீட்டுக்காரி எழுதுவது. நான் நலம். கப்பலில் நாற்பது பேருக்கு ஆக்கிப் போடுகிற நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இன்று கிறிஸ்மஸ். ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மொத்தம் நாலே வரி, மகராசனுக்குப் பேனா கனக்கிறது போல! அதிலும் ரெண்டு வரி, "நான் வர்ற வரைக்கும் பாப்பா சாமான் எதையும் கலைக்காதே" என்று. பாப்பா கண்ணை மூடின அன்றைக்கு நீங்கள் நடுக்கடலில் இருந்தீர்கள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவள் போட்டதையாவது தொட்டுப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு இருக்காதா? அதனால்தான் இதை எழுதக் கை வரவில்லை.

லாண்டரியில் இந்த மாதம் இஸ்திரி போட்டே இடுப்பு ஒடிந்துவிட்டது. அந்த அலுப்பில், போன வாரம் மழை ஒழுகி பாப்பாவின் அறை நனைந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். சனிக்கிழமை வெயில் அடித்ததும் துணிகளைக் கொடியில் போட்டேன். நீங்கள் வாங்கிக் கொடுத்த சிவப்புக் கோட்டு மட்டும் நனையவில்லை. அழுக்குப் படாமல் இருக்கட்டும் என்று அதை ஒரு பையில் போட்டு வாசல்படியில் வைத்துவிட்டு, அறையைத் துடைக்கப் போனேன். அன்றைக்கு என்ன கிழமை என்று மண்டையில் உறைக்கவே இல்லை.

கிறிஸ்மஸுக்கு முந்தின சனிக்கிழமை, ஏழைகளுக்கென்று எந்த வாசலில் துணி மூட்டை இருந்தாலும் ஆலயத்து வண்டி கதவைத் தட்டாமல் எடுத்துக்கொண்டு போய்விடும். யார் கொடுத்தது, யாருக்குப் போனது என்று ஒருத்தரும் கேட்கக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தானே! டீச்சரம்மா ஒரு வருஷம் பத்துப் பேர் நடுவில் ஒரு பிள்ளையிடம், "இது என் பொண்ணு போட்ட கவுனு, அழுக்காக்கிடாதே" என்று சொல்ல, அது கூனிக் குறுகி நின்றது. அதற்காக மாதர் சங்கத்தில் தொண்டை கிழியச் சண்டை போட்டவள் நான்.

சாயங்காலம் பார்த்தால் பையைக் காணோம். ஈரக் கையோடு ஆலயக் கூடத்துக்கு ஓடினேன். ஆற்றோரத் தீயில் வீடு இழந்தவர்கள் அங்கேதான் தங்கியிருக்கிறார்கள். கோட்டு ஒரு பிள்ளையின் மேல் இருந்தது. எட்டு வயது இருக்கும். ரெண்டு வருஷத்துக்கு வரட்டும் என்று பெரிதாக வாங்கினீர்களே, பாப்பாவுக்கு விரல்நுனிகூட வெளியே தெரியாது. அந்தப் பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. ஆமாம், எரிந்தது.

நான் நின்ற கோலத்தைப் பார்த்தே அதன் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கைக்குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "கழட்டுடி, அந்த அக்காவோடது போல" என்றாள். பிள்ளை அழவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தது. உள்ளே கையில்லாத ஒரு மெல்லிய சட்டை. கொடுத்ததைத் திரும்ப வாங்குவார்கள் என்று அதற்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வாங்கத்தான் போனேன், கையையும் நீட்டிவிட்டேன். நீட்டின கையால் அந்தப் பொத்தான்களைத் திரும்பப் போட்டுவிட்டு, "இல்லம்மா, எங்களோடது நீலக் கலரு. இது உன்னோடதுதான்" என்றேன். ஆலயத்தில் நின்று, வாய் கூசாமல் பொய் சொன்னேன். வீட்டுக்கு வந்து பாப்பாவின் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். ஆண்டவருக்காகக் கொடுத்தாயா என்று போதகர் ஐயா கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பிள்ளைக்குக் குளிர்ந்தது, அவ்வளவுதான்.

உங்கள் பேச்சை மீறிவிட்டேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள், எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அந்தக் குடும்பத்துக்கு நம் தெருக்கோடியில் வீடு பார்த்திருக்கிறார்கள். நீங்கள் லீவில் வரும்போது அந்தப் பிள்ளை கோட்டைப் போட்டுக்கொண்டு நம் வாசலைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகும். உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆசை தீரப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதன் அம்மா கேட்டால், நம்முடையது நீலம் என்றே நீங்களும் சொல்லுங்கள்.

கடலிலும் கரையிலும் உங்களைக் காக்கச் சொல்லி ஆண்டவரிடம் தினமும் மன்றாடும்,
பாப்பாவின் அம்மா