ஒரு அடி கருமணல்

2024 ஜனவரி 9

மணல் மாதிரி எடுக்க இன்று பதினெட்டு குழி. ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் ஆழம் போக வேண்டும் என்பது திட்டம். ஒரு அடி தாண்டினாலே தண்ணீர் ஊறி மணல் சரிகிறது. சரியாமல் தடுக்க இரும்புக்குழாய் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. எங்கள் நிறுவனத்தின் திட்டத் தலைவர் லக்ஷ்மிநாராயணன் சாருக்குப் போன் செய்தேன். "மேல இருக்கிற ஒரு அடி போதும்மா. கறுப்பாத்தானே இருக்கு? அள்ளு" என்றார். இந்தக் கடற்கரைக்கு அவர் வந்தது ஒரே ஒருமுறை. அன்றும் ஷூவைக் கழற்றவில்லை.

மண் துளைக்கும் ஆகரைத் திருக, குப்பத்திலிருந்து தேவா வருகிறான். விடிவதற்குள் கடலுக்குப் போய் வந்துவிட்டு, பிறகு என்னோடு. "கடல்ல மீனு தேட்றேன், கரைல மண்ணு தேட்றேன். ரெண்டுலயும் எனுக்கு மிச்சம் இடுப்பு வலிதான்."

ஜனவரி 17

தேவாவின் அம்மா ஜெகதாம்பாள், தலையில் மீன் கூடையோடு நின்று குழியை எட்டிப் பார்த்தார்.

"இன்னாத்துக்குமா இத்த அள்ற?"

கருமணலில் இல்மனைட் இருக்கிறது, பெயின்ட் செய்ய உதவும், நல்ல விலை என்றேன்.

"இது புயலு பண்ணி வச்ச வேலைமா. வெள்ள மண்ண கடலு இட்டுகினு பூட்ச்சு, கருப்பு மட்டும் நின்னுகினு கீது. சித்திரைல வா. வெள்ள திரும்பி வந்து மூடிக்கினு இருக்கும்."

லேசான மணலை அலை இழுத்துப் போகும், கனமானது தங்கும். எம்.எஸ்சி.யில் ஒரு பருவம் முழுக்கப் படித்தேன். அவர் கூடையை இறக்காமலே சொல்லிவிட்டார். அப்படியே களக்குறிப்பில் எழுதிக்கொண்டேன். தேவா எட்டிப் பார்த்து, "எங்கம்மா பேரையும் போடு" என்றான். போட்டேன்.

ஜனவரி 28

சாப்பாட்டு நேரத்தில் தேவா என் காந்தத்தை எடுத்து மணலில் உருட்டினான். கறுப்புத் துகள்கள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டன. அதைத் தன் மூக்கின் கீழ் வைத்து, "சார் மாதிரி கீறனா?" என்றான். சிரித்ததில் எனக்குப் புரை ஏறிவிட்டது. முதுகில் தட்டியவன் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

செங்கல்பட்டில் என் அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள் என்று தெரியும். தெரியட்டும்.

பிப்ரவரி 6

மாதிரிகளில் இல்மனைட் போன்ற கன கனிமம் சராசரி முப்பத்தெட்டு சதவீதம். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

அறிக்கையில் நான் ஒரு வரி சேர்த்திருந்தேன்: "மாதிரிகள் புயலுக்குப் பின் மேல்மட்டத்தில் மட்டும் எடுக்கப்பட்டவை, கோடையில் முழு ஆழத்துக்கு மீண்டும் எடுத்துச் சரிபார்க்க வேண்டும்." சார் கூப்பிட்டார்.

"இது எங்கேயிருந்து வந்துது?"

"குப்பத்துல ஒரு அம்மா சொன்னாங்க சார். படிச்சதும் அதுதான்."

"மீன் விக்கிறவங்க சொன்னதை ரிப்போர்ட்ல போட்டா சிரிப்பாங்கம்மா. மார்ச்ல உன் கான்ட்ராக்ட் முடியுது, ஞாபகம் இருக்கில்ல?"

குரலை உயர்த்தவே இல்லை. டீ கூட வரவழைத்துக் கொடுத்தார்.

அந்த வரியை எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 7

யாரும் என் கையைப் பிடித்து அழிக்க வைக்கவில்லை.

மார்ச் 20

கான்ட்ராக்ட் நீட்டிப்பு வந்தது. அதே வாரம் குப்பத்துக் கரையில் கம்பமும் முள்கம்பியும் வந்தன. அடுத்த கட்ட ஆய்வு முடியும்வரை படகுகளை வடக்கே, பாறைப் பக்கம் ஏற்ற வேண்டுமாம். தேவா போன் செய்தபோது கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோவில் இருந்தேன். எடுக்கவில்லை. ஏன்டி எடுக்கல?

மார்ச் 27

திருப்போரூரில் திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம். அதிகாரிகளுக்கு மின்விசிறி, குப்பத்து ஜனங்களுக்கு வெளியே வெயில். சுவரில் வரைபடம். கீழே 'தயாரித்தவர்' என்று என் பெயர். தேவா அதன் முன் வெகுநேரம் நின்றிருந்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"அம்மா சொன்னத எழுதிகினியே சங்கரி. அது எங்க?"

"அழிச்சிட்டேன்."

"நீயேவா?"

தலையாட்டினேன். அடிப்பான், திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஏப்ரல் 23

சித்திரை பத்து. விடுப்பு போட்டு, சொந்தமாக இரும்புக்குழாய் வாங்கி, தனியாகப் போனேன். கரை முழுக்க வெள்ளை. கையெல்லாம் கொப்புளம், ஆறு குழிதான் முடிந்தது. முழு ஆழம். கறுப்பு நான்கு விரல் கனம்கூட இல்லை. சராசரி ஐந்து சதவீதம்.

ஜெகதாம்பாள் அம்மா தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது தண்ணீர் கொடுத்தார்.

"நான் சொன்னப்பவே உனுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்மா."

"தெரியாம செஞ்சிருந்தா ஒரு ஏசு ஏசிட்டு வுட்டுருப்பேன்."

சொம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 29

ஆறு குழியின் கணக்கையும் சாருக்கு, அவருக்கு மேலே இருப்பவர்களுக்கு, கூட்டம் நடத்திய அதிகாரிக்கு, எல்லோருக்கும் அனுப்பினேன். ஜனவரியிலேயே தெரியும் என்றும் எழுதினேன்.

ஒரே ஒரு பதில்: அனுமதியின்றி மாதிரி எடுத்ததற்கு விளக்கம் கேட்டு.

மே 3

வேலை போயிற்று. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

மே 26

பாறைப் பக்கம் படகை ஏற்றும்போது அலை தூக்கிப் போட்டதில் தேவாவின் படகு இரண்டாகப் பிளந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றுமில்லை. ஆளுக்கு ஒன்றுமில்லையா? அவனுக்கு அந்தப் படகைத் தவிர என்ன இருந்தது? ஓடினேன். இஞ்சினை மட்டும் கரைக்கு இழுத்து வந்து, உப்புப் போக நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன்.

"பூடு சங்கரி. நீ நிக்கிறத பாத்தா எனுக்கு வேல ஓட மாட்டேங்குது."

நான் அழித்தது தெரிந்த பிறகு அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். போய்விட்டேன்.

ஜூலை 30

நிறுவனம் கோடையில் மறுபடி தோண்டிப் பார்த்ததாம். "வணிக அளவில் இருப்பு இல்லை." இரண்டே வரி. போய்விட்டார்கள். முள்கம்பியைக் குப்பத்துக்காரர்களே பிடுங்கிப் போட்டுப் படகுகளைப் பழைய இடத்துக்கு இழுத்து வந்துவிட்டார்கள். தேவாவைத் தவிர எல்லோரும்.

முதுகலை, நுண்ணோக்கி, ஆய்வகம், கேக். ஆறு மாதம் கழித்து வந்து சேர்ந்த இடம், ஒரு பெண் தலைச்சுமையோடு நின்று சொன்ன இடம். என் வேலை போனதைத் தவிர நஷ்டம் எங்களில் ஒருவருக்கும் இல்லை.

செப்டம்பர் 5

நாவலூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் நேர்முகத் தேர்வு. செயற்கைக்கோள் படம் பார்த்து வரைபடம் போடும் வேலை. மண்ணைத் தொட வேண்டியதில்லை.

வாசலில் பத்துப் பேர் வரிசை. என் முறை வந்தபோதுதான் நிமிர்ந்தேன். நீலச் சட்டை, தொப்பி, அளவு பெரிதான பூட்ஸ். தேவா.

"யார பாக்கணும் மேடம்?"

சொன்னேன். பதிவேட்டைப் புரட்டி என் பெயரை எழுதினான். நான் சொல்வதற்கு முன்பே எழுதினான்.

"அம்மா எப்படி இருக்காங்க தேவா?"

"அஞ்சாவது மாடி மேடம். லிஃப்டு அந்தப் பக்கம்."

பார்வையாளர் அட்டையை மேசைமேல் வைத்தான், கையில் தரவில்லை. எனக்குப் பின்னால் நின்றவரிடம் அதே குரலில், அதே மரியாதையோடு கேட்டான்: "யார பாக்கணும் சார்?"

செப்டம்பர் 11

வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். அந்தக் கட்டடத்துக்கு வாசல் ஒன்றுதான்.