சாத்திய அறையில் வார்னிஷ்

செஞ்சி,
ஆடி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

ஜெயசுதா எழுதுவது. நானும் நம் மகள் நிலாவும் சுகம். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே கட் பண்ணிவிடுகிறீர்கள். அதனால்தான் ஷார்ஜாவுக்குத் திரும்பும் பொன்னுசாமி அண்ணனிடம் கடிதமாகக் கொடுத்தனுப்புகிறேன். இதையாவது முழுசாகப் படியுங்கள்.

அங்கே உங்களோடு வேலை பார்த்த நெடுமாறன் உடம்பு புதன்கிழமை தளவானூர் வந்தது. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். மோனிகா கேட்கவில்லை, திறந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள். மாரடைப்பு என்கிறதாம் கம்பெனி. நம் பட்டறையில் பாட்டுப் பாடிக்கொண்டே கதவு தேய்த்த பிள்ளைக்கு மாரடைப்பாம்!

அவன் பாதியில் விட்ட சொகுசுப் படகு வேலையை உங்களிடம் கொடுத்திருப்பதாகப் போன வாரம் சொன்னீர்கள். உள்சுவரில் கீறல், வார்னிஷ் உரிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றீர்கள். அது நம் ஊர்த் தேக்குக் கதவு இல்லை. மேலே ஒட்டிய வினீர் மரத்தகடு வெங்காயத்தோல் கனம்தான். உப்புத்தாளைக் கொஞ்சம் அழுத்தினாலும் அடிப்பலகை பல்லைக் காட்டிவிடும். அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்கள் கைவேலையில் எனக்குப் பயமில்லை.

நீங்கள் கதவைச் சாத்திக்கொள்வதில்தான் பயம். ஆடிக்காற்றில் ஈரப் பாலிஷில் மண் ஒட்டக் கூடாதென்று இங்கே எல்லாவற்றையும் சாத்திவிட்டுத்தான் அடிப்போம். நம் பட்டறையில் ஓட்டுச் சந்திலெல்லாம் காற்று வரும். படகு அறை டப்பா மாதிரி மூடிக்கொள்ளும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். நெடுமாறனும் தூசு விழாமலிருக்க உள்ளே தாழ் போட்டுக்கொண்டுதான் அடித்தானாம். நீங்களும் அதையே செய்கிறீர்கள். நேற்றுப் பேசும்போது உங்கள் நாக்குக் குழறியது. வெயில் என்று என்னிடம் கதை விடாதீர்கள், அது வார்னிஷ் நெடிதான்.

கதவைத் திறந்து வையுங்கள். அந்த நெடியை வெளியே தள்ளும் ஃபேன் கேளுங்கள், தராவிட்டால் அடிக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். தூசு படிந்தால் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். திட்டினால் திட்டட்டும். வேலையே போனாலும் கிளம்பி வாருங்கள். மேல்சித்தாமூரில் கதவு வேலை வந்திருக்கிறது, நானும் கூட நின்று தேய்க்கிறேன்.

துக்க வீட்டில் மோனிகா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, மாமாவும் அந்த போட்லதான் வேல செய்யறாரா?" என்று கேட்டாள். "இல்லம்மா, அவருக்கு வெளிய நின்னு செய்யற வேல" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பொய்யை நீங்கள்தான் உண்மையாக்க வேண்டும், மாமா.

கமலக்கன்னியம்மன் உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள்
ஜெயசுதா