ஒன்றரை டன் புகார்

மார்ச் 28
பள்ளிக்கூடம் இன்றோடு மூடியாயிற்று. இனி இரண்டு மாதம் நான் ராணி. கல்யாணத்துக்கு முன்பு அவர் கேட்டார், "உங்களுக்கு எந்தக் காலம் பிடிக்கும்?" யோசிக்காமல் கோடைக்காலம் என்றேன். அவர் முகம் ஏன் சுருங்கியது என்று இப்போதுதான் புரிகிறது. ஒரு ஏசி மெக்கானிக்கிடம் சொல்கிற பதிலா அது?

மார்ச் 31
காலை ஆறு மணிக்கு ஏணியோடு போகிறார், இருட்டிய பிறகு வருகிறார். குளிர்காலத்தில் நான் கட்டிக்கொண்ட மனிதர் எங்கே? நான் விடைத்தாள் திருத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து மதிப்பெண் கூட்டித் தருவார். தப்பாகத்தான் கூட்டுவார். இருந்தாலும் கூடவே இருப்பார். இவர் தட்டில் கை வைத்தபடியே தூங்குகிறார்.

ஏப்ரல் 4
பள்ளிக்கு நேர அட்டவணை போடுவது நான்தானே? எங்கள் இருவருக்கும் ஒரு நாள் போட்டேன். முதல் பீரியட்: லேட்டாக எழுந்திருப்பது. இரண்டு: அவர் போடும் டீ. மூன்று: ஊர் வம்பு. நாலும் ஐந்தும்: சேர்ந்து சமையல், சாப்பாடு. ஆறு: சண்டை. ஏழு: சமாதானம். எட்டு: மாடியில் காற்று வாங்குவது. காட்டினேன்.
"சூப்பரா இருக்கும்மா. மழை வரட்டும், வச்சுக்கலாம்."
மழை வரும்போது எனக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும், மகராசா!

ஏப்ரல் 5
பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஏப்ரல் 9
ஒரே ஒரு நாள் லீவு கேட்கச் சொன்னேன். "இந்த வெயில்ல லீவு கேட்டா புகார் அக்கா என்னைக் கடிச்சுத் தின்னுடும்" என்றார். புகார் அக்கா அவர் கம்பெனியில் புகார் போன் எடுப்பவர். யார் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அவர் கையில்.
எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊர்ல இருக்கிற அத்தனை பேருக்கும் இந்த மனுஷன் கிடைக்கிறார், கட்டின பொண்டாட்டிக்குக் கிடைக்க மாட்டாரா? அவங்களுக்கெல்லாம் ஒரு போன் பண்ணினா போதும்!
ஒரு போன் பண்ணினால் போதும் —

ஏப்ரல் 10
பண்ணிவிட்டேன்.
"என்னம்மா பிரச்சினை?"
"சுத்தமா குளிரவே இல்லைங்க."
"எத்தனை டன்?"
"ஒன்றரை" என்று அடித்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஏசியே கிடையாது. 'நாளெல்லாம் அது மூஞ்சியிலதான் முழிக்கிறேன், வீட்லயுமா?' என்று அவர் வாங்கவே இல்லை.
விலாசம் சொன்னதும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையா?"
"பேருக்கு ஒருத்தர் இருக்கார்."
இருமினாரா, சிரித்தாரா, தெரியவில்லை. நாளைக்கு ஆள் வருமாம்.

ஏப்ரல் 11
கம்பெனிக்குப் போனவர் ஒன்பது மணிக்கே திரும்பி வந்தார், கையில் வேலைச் சீட்டோடு. பழக்கதோஷத்தில் ஏணியைச் சாய்த்துவிட்டு வெற்றுச் சுவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.
"நீயா?"
"நான்தான். செருப்பைக் கழட்டிட்டு வாங்க."
சீட்டில் புகார் அக்காவின் கையெழுத்தில் 'முழு நாள் வேலை' என்று இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "சரி, முதல் பீரியட்ல இருந்து ஆரம்பிப்போம்" என்று படுத்தார். எழுந்தது மாலை ஐந்தரைக்கு. எழுப்பத்தான் போனேன், உள்ளங்கை முழுக்கச் சிராய்ப்பு, மனசு வரவில்லை.
எழுந்ததும், "ஏன் எழுப்பல?" என்று என் மேலேயே பாய்ந்தார். "ஒரு நாள் வேலையும் கெட்டுச்சு. இனிமே இப்படிப் பண்ணாத."
பண்ண மாட்டேன். என்னோடு இருந்தால் அவருக்கு அது கெட்டுப்போன நாள். தெரிஞ்சுபோச்சு. போதும்.

ஏப்ரல் 14
அட்டவணையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

ஏப்ரல் 18
அவர் கிளம்பிப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். புகார் அக்கா போன் செய்தார்.
"ஏம்மா, உங்க ஒன்றரை டன் மறுபடியும் குளிரலையாமே?"
"நான் ஒண்ணும் சொல்லலையேக்கா!"
"நீ சொல்லல. நேத்து ஒரு ஆம்பளை பேசினார், மூக்கைப் பிடிச்சுக்கிட்டு. போன தடவை வந்தவன் சரியில்லையாம், வேலை பார்க்காம தூங்கிட்டானாம். இந்தத் தடவை ஒழுங்கானவனா பார்த்து அனுப்பணுமாம்."