ஊதாப் பட்டி வைத்த போர்வை

கோணல் தையலைக் கண்டால் கத்தரிக்கோலோடு சேர்ந்து முறைக்கும் என் அன்பு அம்மாவுக்கு,

இதனால் பூமியிலும் வானத்திலும் உள்ள சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுத் தையல் மிஷினுக்கு எண்ணெய் போடப்பட்டது. போட்டவன் உன் இளைய மகன். பாதி எண்ணெய் தரைக்குப் போனது, கொஞ்சம் என் டவுசருக்கு, மிஞ்சியது மிஷினுக்கு.

கல்லறைத் திருநாளுக்குக் கோயில் பையன்கள் கையெழுத்துப் பத்திரிகை போடுகிறார்கள். மறைந்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். ஊரே படிக்கப்போகிறது, அதனால் என் வீரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ பாதியில் விட்ட போர்வையை நான் முடித்துவிட்டேன். நாலு ஓரமும் மிஷினில்.

அக்காவுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று உன் பழைய சேலைகளை மூன்று அடுக்காகப் போட்டுத் தைத்தாயே, அந்தப் போர்வைதான். மாதா திருநாளுக்கு மட்டும் கட்டும் ஊதாச் சேலையைக் கிழித்து ஓரத்துக்குப் பட்டி வெட்டினாய். பட்டியை முன்பக்கம் சுற்றிலும் மிஷினில் தைத்தாய். பிறகு பின்பக்கம் மடித்துக் கையால் எம்மிங் செய்ய உட்கார்ந்தாய்.

"அதையும் மிஷின்லயே ஓட்டும்மா, அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்" என்றேன்.

"மிஷினுக்கு மேலதான்டா கண்ணு, அடியில இல்ல. பின்னால பட்டி வழுக்கிடும்" என்றாய். பேசும்போதே உனக்கு மூச்சு வாங்கியது. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுத்தான் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போனாய். அந்த ஊசி ஏழு மாதம் அப்படியே நின்றது.

இப்போது உன் பேத்திக்கு ஐந்து மாதம். உன் மூக்கு, என் குரல்வளை. வரும் ஞாயிறு ஞானஸ்நானம். மறுநாள் அவளைத் தூக்கிக்கொண்டு அக்கா இண்டூருக்கு, மாமா வீட்டுக்குக் கிளம்புகிறாள். "அம்மா போர்வையில சுத்தித்தான் எடுத்துட்டுப் போவேன். ஓரம் பிரிஞ்சு தொங்கினாலும் பரவால்ல" என்றாள். அதைக் கேட்டதும்தான் எண்ணெய் டப்பாவைத் தேடினேன்.

எனக்கா தைக்கத் தெரியாது? அப்பா சட்டையின் இரண்டு கைகளுக்கும் வாய்ப்பூட்டுப் போட்டவன் நான். தக்காளிக் கூடையோடு பாலக்கோட்டு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அவர் கையை நுழைத்து நுழைத்துப் பார்த்தார். நீ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "தையல மட்டும் நேரா போட்டிருக்கான்" என்றாய். எனக்குக் கிடைத்த ஒரே சர்டிபிகேட் அது.

அந்தத் தெம்பில், பட்டியைப் பின்பக்கம் மடித்துக் குண்டூசி குத்தி, முன்பக்கத்தைப் பார்த்தபடி ஓட்டினேன். அப்பா எட்டிப் பார்த்தார். "டேய், மிஷின் ஓட்டறியா, பஸ் ஓட்டறியா?"

முன்பக்கம் ஜோராக இருந்தது. திருப்பினால், பின்பக்கத்துப் பட்டி பாதி இடத்தில் தையலில் சிக்காமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. நீ சொன்னபடியே. அக்கா பார்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

பிளேடை எடுத்துப் பிரித்தேன். பிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் புத்தி வந்தது. கண் மேல்பக்கத்தைத்தான் பார்க்கும் என்றால், முடிக்கிற தையலும் மேல்பக்கமே விழட்டுமே? பட்டியையே கழற்றி, முதலில் போர்வையின் பின்பக்கத்தில் வைத்துத் தைத்தேன். அப்புறம் முன்பக்கம் மடித்து, முதல் தையல் மறையும்வரை இழுத்து, மடிப்பின் விளிம்பை ஒட்டியே ஓட்டினேன். வழுக்கினால் உடனே தெரிந்துவிடும், நிறுத்திச் சரிசெய்யலாம். மூலைகளில் மிதிப்பதை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். இந்தத் தடவை பஸ் இல்லை, மாட்டு வண்டி.

அப்பா புரட்டிப் பார்த்தார். "உங்கம்மாவுக்கு இது தோணல பாரு" என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார். நீ இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாயா? இல்லை, குறை கண்டுபிடிக்க வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பாயா?

அக்கா ஓரம் முழுக்க விரலால் தடவிக்கொண்டே வந்தாள். பின்பக்கத்தில் ஓரிடத்தில் விரல் நின்றது. "இங்க மட்டும் தையலே தெரியலயேடா. மிஷின்ல இவ்ளோ நல்லா வருமா?"

"எல்லாம் கைவண்ணம்க்கா" என்றேன். அவள் என் தலையைத் தடவிக் கொடுத்தாள். நானும் குனிந்து காட்டினேன்.

அம்மா, அது என் கை இல்லை. ஊசியைக் குத்தி வைக்கும் முன்னால் நீ ஒரு சாண் நீளம் எம்மிங் முடித்திருந்தாய். பிளேடு அங்கே வந்ததும் என்னால் பிரிக்க முடியவில்லை. அந்த ஒரு சாணை அப்படியே விட்டு, இரண்டு பக்கமும் என் பட்டியை மடித்துச் சேர்த்தேன். சேர்த்த இடம் இரண்டும் கொஞ்சம் கோணல்தான். நாலு ஓரமும் மிஷின் என்று மேலே எழுதியது பொய். அக்கா மெச்சியது உன்னை, தலையை நீட்டியது நான்.

இந்தப் பத்திரிகை அவள் கைக்குப் போகும் முன்னே, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது அந்த இடத்தைக் காட்டிச் சொல்லிவிடுவேன். குழந்தையின் கன்னம் படும் பக்கம் அதுவாக இருக்கட்டும் என்றும் சொல்வேன். சத்தியமாக.

உனக்குச் சேரவேண்டிய தடவலை வாங்கிக்கொண்ட,
உன் கடைக்குட்டி மகன்
அந்தோணி