இரண்டு வருடம் பிந்திய அழுகை

1962 ஜூன் 4, திங்கள்

காலையிலிருந்து மழை. பொகவந்தலாவை பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது, மீதி நடை. தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியின் பின்னறை எனக்கு. கட்டில், மேசை, ஈரச் சுவர்.

வேலை: கழுத்துச் சுரப்பி சுருங்கியவர்களுக்கு மூளை எப்படி மந்தமாகிறது, தைராய்டு மாத்திரை கொடுத்தால் எப்படித் திரும்புகிறது என்று பார்ப்பது. மாத்திரை டிஸ்பென்சர் ஐயா கையால், அளப்பது நான். எலிகளில் ஏழு வருடம் பார்த்தாயிற்று. இனி மனிதர்கள்.

எல்லோருக்கும் நான் ‘டாக்டரம்மா’. வைத்தியம் படிக்கவில்லை, பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரி என்றேன். டிஸ்பென்சர் ஐயா சிரித்தார். “விடுங்க மிஸ், இங்க எல்லாம் ஒண்ணுதான்.”

ஜூன் 6

முதல் ஆள் செல்லம்மா (இனி செ.). கொழுந்து எடுப்பவர். வயது முப்பத்தெட்டு. முகம் வீக்கம், குரல் கரகரப்பு, அடுப்படியிலும் கம்பளி. ஐந்து சொல் சொல்லிக் கொடுத்து, கொஞ்சம் பொறுத்துக் கேட்டேன். ஒன்றுகூட வரவில்லை. குதிகாலுக்கு மேலே தட்டினால் பாதம் சோம்பலாகத் திரும்புகிறது. புத்தகத்தில் உள்ளபடியே. எனக்குச் சந்தோஷம். பிறகு வெட்கம்.

பீலியில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள்: “அது கல்லுங்க. பெத்த புள்ள காய்ச்சல்ல செத்தப்பக்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடல.”

இரண்டு வருடம் ஆகிறதாம். பெண் குழந்தை, நாலு வயது. அன்றிலிருந்து புருஷன் ராமையா செ.வோடு பேசுவதில்லை. லயத்தில், அந்த வரிசை வீட்டில், ஒரே அறைதான், அடுப்பு மட்டும் இரண்டு.

மாத்திரை இன்று ஆரம்பம்.

ஜூன் 17, ஞாயிறு

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், மை, அட்டைக்கடிக்குச் சவர்க்காரம்.

நேற்று மத்தியானத்திலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேச ஆள் இல்லை. என் நாடியை நானே பார்த்துக்கொண்டேன். ஒழுங்கு.

அம்மா இறந்த தந்தி கொழும்புக்கு வந்த அன்று எலிகளுக்கு ஊசி பாக்கி. போட்டுவிட்டுத்தான் ரயில் ஏறினேன். ஊருக்கு ஹட்டனில் இறங்கியபோது அடக்கம் முடிந்திருந்தது. அண்ணன் அதற்குப் பிறகு கடிதம் போடுவதில்லை.

என் சுரப்பியில் கோளாறு எதுவும் இல்லை.

ஜூன் 30

செ. இன்று ஐந்தில் மூன்று சொல் சொன்னார். கம்பளி இல்லாமல் வந்தார். நான் கேட்காமலே, “மழ விட்டிருச்சுங்க டாக்டரம்மா.” தானாகப் பேசிய முதல் பேச்சு. எழுதிக்கொண்டேன்.

ஜூலை 12

கங்காணி செ.வைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். “கொழுந்து எடுத்துக்கிட்டே இருந்திச்சு மிஸ், திடீர்னு ஒக்காந்து ஓன்னு அழுவுது.” பின்னால் வந்த பெண்களில் ஒருத்தி சிரித்தாள். “ரெண்டு வருசம் கழிச்சு ஒப்பாரி.”

கதவைச் சாத்தினேன். செ. சொன்னது: “செத்தது அன்னிக்கே தெரியுங்க. தெரிஞ்சிச்சு, ஆனா நெஞ்சுக்குள்ள வரல. இப்பத்தான் வருது.”

என் தாளில் ஞாபகம், வேகம், தூக்கம், பசி என்று கட்டங்கள். இதற்குக் கட்டம் இல்லை.

ஜூலை 15

மூன்று நாளாக செ. மாத்திரைக்கு வரவில்லை. லயத்துக்குப் போனேன். முகம் அழுது சிவந்திருந்தது.

“இத நிறுத்திட்டா அழுகையும் நின்னுருங்களா?”

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம். “நிக்கும். ஆனா பழையபடி ஆயிருவீங்க.”

ராமையா வாசலில் வெற்றிலை மடித்தபடி. அவருக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னேன்: “இவங்க கல்லு இல்லைங்க. கழுத்துல ஒரு சுரப்பி இருக்கு, அது காஞ்சு போச்சு. அதான் அன்னிக்கு அழ முடியல.”

அவர் மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் கீழே வைத்தார். எழுந்து வெளியே போய்விட்டார்.

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொன்னால் அளவுகள் கெடும் என்று இருந்துவிட்டேன்.

ஜூலை 16

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூடுமுன்பே செ. வந்து கையை நீட்டினார்.

“குடுங்க. நான் மறுபடி கல்லாயிட்டா அந்தப் புள்ளைக்கு அழ யாரு இருக்கா?”

விழுங்கினார். கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போனார். ஆயுசுக்கும் மாத்திரை வேண்டும். நான் போன பிறகும் நிறுத்தாமல் கொடுப்பதாக டிஸ்பென்சர் ஐயா வாக்கு.

ஜூலை 22, ஞாயிறு

குழந்தையைப் புதைத்த இடம் செ.வுக்குத் தெரியாது. அன்று அறையிலேயே உட்கார்ந்திருந்தாராம். “தொணைக்கு வாறீங்களா?” போனேன். கடைசித் தேயிலை மலைக்குக் கீழே, ஆற்றோரம். எங்கே தேடுவது என்று நின்றபோது பின்னால் ராமையா. எங்களைக் கடந்துபோய் மானாப்புல்லை விலக்கினார்.

“இங்கதான்.”

செ. உட்கார்ந்தார். கொஞ்சம் தள்ளி அவரும்.

“அன்னிக்கு நீ அழுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

“இப்ப அழுவுறேன்ல.”

நான் நிற்பது இருவருக்கும் மறந்துவிட்டது. தனியே திரும்பினேன். பனி இறங்கி வழி தவறிவிட்டது. தெரியாத லயம் ஒன்றின் முன்னால் போய் நின்றேன். ஒரு பெண் கதவைத் திறந்து, “யாருங்க வேணும்?” என்றாள்.

எனக்கு வேண்டியவர் என்று சட்டென்று சொல்ல ஒரு பெயரும் வரவில்லை.